சிலம்பும் மெழுகுவத்தியும்

பினாங்கிலே தமிழர் கூடும் மன்றங்களிலும், பள்ளிகளின் ஆண்டு விழாக்களிலும் திடீர்ப் பேச்சு என்று ஒரு போட்டி நடத்துகிறார்கள். மேசைமீது ஒரு துணிப்பை இருக்கும். பேச வருகிறவர் அதற்குள்ளே கைவிட்டு, அகப்பட்ட பொருளை வெளியே எடுத்து, அதைக் கையிற் பிடித்தபடியே இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ பேசவேண்டும். சீப்பு, பூட்டு, நூற்கண்டு, தீப்பெட்டி, கரண்டி, மெழுகுவத்தி, இப்படியாக வீட்டிலே கிடக்கும் சாமான்களே அப்பையில் இருக்கும். அமெரிக்க நாட்டிலே 1924-ஆம் ஆண்டில் ரால்ப் ஸ்மெட்லி என்பார் தோற்றுவித்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில், முன்னறிவிப்பின்றி ஒரு தலைப்பைக் கொடுத்து ஓரிரு நிமிஷம் பேசச் செய்யும் பயிற்சி உண்டு. அதற்கு நம்மவர் போட்டி உறவுமுறையானதே.

இதைக் குறைகூற நாம் வரவில்லை. துரையின் முன்னும் கிராணியின் முன்னும் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள், நூறு பேர் நடுவே நிமிர்ந்து நின்று வாய் திறப்பது சிறிய காரியமன்று. நாம் ஆராயப் புகுந்தது வேறு. பொருளைக் கையிலெடுத்த பிறகு என்ன பேசுகிறார்கள்?

மெழுகுவத்தி அகப்பட்டவர் தியாகம் என்கிறார். தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருகிறதாம். ஆசிரியர் மெழுகுவத்தி, தாய் மெழுகுவத்தி, தலைவர் மெழுகுவத்தி. தீக்குச்சி அகப்பட்டவர் ஒன்றை முறித்துக் காட்டி, பத்தைச் சேர்த்துப் பிடித்து முறியாமை காட்டி, ஒற்றுமை என்கிறார். பூட்டு என்றால் நாவடக்கம். தண்ணீர்க் குவளை என்றால், பாதி நிறைந்ததா பாதி ஒழிந்ததா என்ற கேள்வி தவறாமல் வருகிறது. சபையும் தவறாமல் கைதட்டுகிறது. பையிலிருந்து எது வந்தாலும் பேச்சு ஒன்றே! பொருளைப்பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. மெழுகு எதனால் ஆகிறது, வத்தி என்ன விலை, மின்சாரம் வருவதற்கு முன் தோட்டத்து லயத்திலே எதை எரித்தார்கள் என்பவை பேச்சாளருக்கு வேண்டியதில்லை. ஆசிரியர் உருகுவதற்கே பிறந்தவர் என்று கைதட்டிக் கலைந்த சபை, அந்த ஆசிரியருடைய சம்பளத்தைப்பற்றி வாய் திறவாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

இப்பழக்கத்தின் வேர் போட்டியில் இல்லை. கதாகாலட்சேப மேடையிலும் கோயிற் பிரசங்கத்திலும் இருக்கிறது. பொதுமக்களைக் கூட்டிவைத்து உரைநடையிலே பேசும் பிரசங்கம் நம்மிடையே மிகப் பழையதன்று. பாதிரிமார் செய்துவந்ததைப் பார்த்து, அவர்கள் ஆயுதத்தாலேயே அவர்களை எதிர்க்க எண்ணிய ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார் என்பது வரலாறு. முறை புதிதாக வந்தது. ஆனால் சரக்கிலே பழைய உவமைகள் அப்படியே ஏறிக்கொண்டன. கயிறும் பாம்பும், குடமும் மண்ணும், விளக்கும் நிழலும் சபைக்குச் சபை சுற்றிவந்தன. உவமை கேட்பவன் காதுக்கு இனிது. அது இனிதாயிருப்பதனாலேயே, எதையும் மெய்ப்பிக்கவில்லை என்பது மறந்துபோகிறது.

உவமைகளிலெல்லாம் பெரிய கேடு செய்த ஒன்று உண்டு. அதற்குப் பையும் வேண்டாம், மேசையும் வேண்டாம். பேசுகிறவன் தன் வலக்கையை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டினால் போதும். ஐந்து விரலும் ஒன்றா என்பான். இதைக் கேளாத தமிழன் எவன்? சாதி ஏன் என்று கேட்டால் ஐந்து விரல். கூலி ஏன் குறைவு என்றால் ஐந்து விரல். பெண்ணுக்கு ஏன் பங்கில்லை என்றால் அதே ஐந்து விரல். ஊரிலே பண்ணையார் காட்டினார். கப்பலேறி வந்த பிறகு கங்காணி காட்டினார். கேட்டவன் தன் கையையே பார்த்துக்கொண்டு, ஆம், ஒன்றில்லைதான் என்று வீடு போய்ச் சேர்ந்தான். விரல்கள் நீளத்தில் வேறுபடுகின்றன என்பதிலிருந்து மனிதருள் ஒருவன் கோயிற்குள் போகலாம், ஒருவன் போகலாகாது என்ற முடிவு எந்த வழியாக வந்தது என்று எவனும் கேட்கவில்லை. நம் சீர்திருத்தப் பேச்சாளர் சிலர் இதற்கு மறுமொழியாக, ஐந்து விரலுக்கும் ஒரே இரத்தம் ஓடுகிறது என்பார்கள். கைதட்டலுக்கு நல்ல மறுமொழிதான். ஆனால் அதுவும் உவமைக்கு உவமை. விரலை வைத்துச் சாதியை நாட்டவும் முடியாது, சாதியை ஒழிக்கவும் முடியாது. விரல் அவ்வழக்கிலே சாட்சியே அன்று.

அப்படியானால் பொருள் எப்போது சாட்சியாகிறது? இதற்குத் தமிழிலே ஓர் ஒப்பற்ற இலக்கியம் இருக்கிறது. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பலரும் கற்பின் வெற்றியென்றும் கண்ணீர்க் காட்சியென்றும் படிக்கிறார்கள். அதை ஒரு மேடைப் பேச்சாகப் படித்துப் பார்ப்போம். கண்ணகி ஆயத்தம் செய்துகொண்டு வந்தவளல்லள். கணவன் வெட்டுண்ட செய்தி கேட்ட அன்றே அரண்மனை வாயிலில் நிற்கிறாள். கையிலே ஒற்றைச் சிலம்பு. அது நாள்தோறும் பெண்கள் காலில் அணியும் பொருள். அரசன், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என்கிறான். உடனே அவள் அழுது புலம்பிச் சிலம்பைக் கற்புக்கு உவமையாக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசனும் ஒப்புக்கொள்கிறான். இரு கட்சியும் தத்தம் கூற்றைச் சொல்லி முடிந்த பின்னரே சிலம்பு உடைகிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அவள் உடைப்பது தன் கையோடு கொண்டுவந்த சிலம்பையன்று. கோவலனிடமிருந்து பறித்து, அரசன் தன் காவலில் வைத்திருந்து, அவனே கொணரச் செய்து முன்னே வைத்த சிலம்பையே உடைக்கிறாள். தன் கைச் சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டியிருந்தால், அது உன்னுடையது, எம்முடையது வேறு என்று அரசன் சொல்லியிருக்கலாம். எதிரியின் கையிலிருந்த பொருளே எதிரிக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. மணி தெறித்தவுடன் பாண்டியன் ஒரு வாதமும் செய்யவில்லை, செய்ய இடமில்லை. முத்து தெறித்திருந்தால் கண்ணகி தோற்றிருப்பாள். தோற்கக்கூடிய இடத்திலே துணிந்து நின்றாள் என்பதுதான் அக்காட்சியின் வலிமை. மெழுகுவத்திப் பேச்சாளருக்குத் தோல்வி வரவே வழியில்லை. அவர் சொல்வது பொய்யென்று எந்த மெழுகுவத்தியும் காட்டிவிடாது.

இதனோடு ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்து அந்தோணியை ஒப்பிடவேண்டும். நம் பேச்சாளர்களுக்கு அந்தோணியின் பேச்சு வேதபாடமாயிருக்கிறது. மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து பரிசும் வாங்குகிறார்கள். அவன் சீசருடைய மேலாடையைத் தூக்கிக் காட்டுகிறான். இந்தக் கிழிசல் காசியஸின் வாள் புகுந்த இடம், இது காஸ்கா செய்தது, இது புரூட்டஸ் குத்தியது என்று ஒவ்வொன்றாய்ச் சுட்டுகிறான். கூட்டம் கதறுகிறது. ஆனால் கொலை நடந்தபோது அந்தோணி அங்கே இல்லை. அதற்குச் சற்று முன்னரே திரிபோனியஸ் அவனை வெளியே அழைத்துப்போய்விட்டான் என்று அந்நாடகத்திலேயே இருக்கிறது. எந்தத் துளை எவன் செய்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கேட்பார் ஒருவருமில்லை. அடுத்தது உயில். குடிகளுக்குச் சீசர் எழுதிவைத்த பொருளைக் காட்டி ஊரைக் கொளுத்தியவன், அடுத்த அங்கத்திலேயே உட்கார்ந்து, அந்த உயிலின் கொடைகளில் எதைக் குறைக்கலாம் என்று தன் கூட்டாளிகளோடு கணக்குப் போடுகிறான். ஷேக்ஸ்பியர் அந்தோணியைப் புகழ்ந்து எழுதவில்லை. கூட்டத்தை நோக்கி எச்சரித்து எழுதினார் என்றே நாம் கொள்கிறோம். நம் போட்டி மேடைகளில் அந்தோணியின் பாதி மட்டும் நடிக்கப்படுகிறது.

உரோமருக்கு இத்தந்திரம் நன்றாய்ப் பழகியது. கேட்டோ என்ற முதியவர் செனட் சபையிலே தம் ஆடையிலிருந்து அத்திப் பழங்களை உதிர்த்து, இவை விளைந்த நாடு கப்பலில் மூன்று நாட் பயணம்தான் என்று சொல்லிக் கார்த்தேஜை அழிக்கத் தூண்டினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பழம் அழகாயிருந்தது, ஆனால் தான் பிறந்த ஊரைப் பழம் சொல்லாது. கி.மு. 146-இல் கார்த்தேஜ் தரைமட்டமாயிற்று. வழக்குமன்றத்திலே இரக்கம் பிறப்பிக்கக் குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அவர்கள் வழக்கம். ஒரு வழக்கிலே கிளைக்கன் என்ற வாதி, ஏன் அழுகிறாய் என்று சிறுவனைக் கேட்க, என் வாத்தியார் கிள்ளுகிறார் என்று அவன் உள்ளதைச் சொல்லிவிட்டானாம். குவிந்திலியன் தம் பேச்சுக்கலை நூலிலே இதை எழுதிவைத்தார். ஆங்கில நாட்டிலே எட்மண்டு பர்க் 1792-இல் பார்லிமெண்டிலே ஒரு கட்டாரியை வீசியெறிந்து பிரெஞ்சுப் புரட்சியின் அபாயத்தைக் காட்டினார். கத்தி வந்தது, முள் எங்கே என்று ஷெரிடன் கேட்டதாகச் சொல்வார்கள். சபை சிரித்துத் தீர்த்தது.

உவமையே கூடாது என்று நாம் சொல்வதாக எண்ணவேண்டாம். கோசாம்பி நகரத்துச் சிம்சபா வனத்திலே புத்தர் சில இலைகளைக் கையில் எடுத்து, கையிலுள்ளவை அதிகமா, காட்டிலுள்ளவை அதிகமா என்று சீடரைக் கேட்டார் என்று பாலி நூல்கள் கூறும். தாம் அறிந்தவை காட்டின் இலைபோல்வன, கற்பித்தவை கையிலுள்ளவை போல்வன என்றார். இது நல்ல உவமை. எதற்கும் சான்றாக இலையை அவர் நிறுத்தவில்லை; தம் கருத்தின் அளவைக் காட்டினார், அவ்வளவே. விளக்க வந்த பொருள் தீர்ப்புச் சொல்லக் கிளம்பும்போதுதான் கேடு வருகிறது.

இனி நம் இயக்கத்துச் செய்திக்கு வருவோம். பெரியார் 1929 டிசம்பரிலே நாகம்மையாரோடு பினாங்குத் துறையில் இறங்கி, மலாயாவின் ஊர்களிலும் தோட்டங்களிலும் பேசிச் சென்றார். அவர் பேச்சிலே அலங்காரம் இல்லை என்பது அன்பரும் பகைவரும் ஒப்பியது. அப்படிப்பட்டவர் பின்னாளில் ஒரு பொருளை மேடைக்குக் கொண்டுவந்தார். 1953 மே 27, புத்தர் பிறந்த நாளன்று, திருச்சி நகரமன்றத் திடலிலே மண்ணாற் செய்த பிள்ளையாரை உடைத்தார். வழக்கு எழுந்தது. குயவன் செய்த பொம்மை, கோயிலில் பிரதிட்டை செய்து வழிபட்டதன்று. ஆகவே சட்டம் சொல்லும் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் மன்றங்கள் தள்ளின. 1958-இல் உச்சநீதிமன்றம், சட்டத்தை அவ்வளவு குறுக்கிப் பொருள் கொள்ளலாகாது, ஒரு வகுப்பார் புனிதமாய்க் கருதும் பொருள் பிரதிட்டை பெற்றிருக்கவேண்டும் என்பதில்லை என்று கூறிற்று; ஆயினும் காலம் கடந்துவிட்டதால் மேல் விசாரணைக்கு உத்தரவிடாமல் முறையீட்டைத் தள்ளியது.

பேச்சுக்கலை நோக்கிலே இதை எப்படி மதிப்பிடுவது? சட்டமே திணறிய கேள்வியை அந்த மண்பொம்மை எழுப்பிவிட்டது என்பதே அதன் பெருமை. களிமண் எந்த நொடியிலே கடவுளாகிறது? குயவன் கையிலா, கடையிலா, ஐயர் மந்திரத்திலா? தொட்டால் கண் குருடாகும் என்று நம்பினவனுக்கு அது நேரான சோதனை. அவன் கண்ணெதிரே நடந்தது. உருவம் வெறும் அடையாளம், கடவுள் வேறு என்று சொல்லும் படித்தவருக்கு அது விடையாகாது. அவருக்குரிய விடையைப் பெரியார் மணிக்கணக்காகப் பேசியும் ஆண்டுக்கணக்காக எழுதியும் வந்தார். உடைத்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, உடைப்பதற்கு முன்னும் பின்னும் பேசியதை மறந்தவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வேறொரு வழி கண்டார். காலட்சேபத்தின் முறையையே எடுத்துக்கொண்டு, சிதம்பரம் போகத் தவித்த நந்தனார்க்குப் பதிலாகப் படிக்கத் தவித்த கிந்தனார் கதையைச் சொன்னார். 1949-இல் வந்த நல்லதம்பி படத்திலும் அது இடம்பெற்றது. எதிரியின் சிலம்பை எதிரியின் முன்னே உடைத்த வேலை அது. கண்ணகியிடம் கோபம் இருந்தது. கலைவாணரிடம் சிரிப்பு இருந்தது.

தோட்டத்து மேடைக்கு எந்தப் பொருள் தகும்? பால் மங்கை எடுத்துக்கொள்வோம். கித்தாக் காட்டிலே பால் வெட்டினவர் கூடிய சபையில் ஒருவர் ஒரு மங்கைத் தூக்கினால், அது எவ்வளவு பால் கொள்ளும், மழை பெய்தால் என்ன ஆகும், ஒட்டுப்பால் எப்படி உரியும் என்பதெல்லாம் பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்கு நன்றாய்த் தெரியும். பிழையாகச் சொன்னால் முன்வரிசையிலேயே சிரிப்பு எழும். ஆகவே மங்கைத் தூக்கியவர் தம்மையே சோதனைக்கு வைக்கிறார். 1920-களின் இறுதியிலே அரசாங்கம் நியமித்த இந்தியத் தொழிலாளர் நாட்கூலி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இரண்டு மங்குகளை மேசைமேல் வைத்து, இவற்றில் எது ஆண் வெட்டிய பால், எது பெண் வெட்டிய பால் என்று சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால், அங்கே உவமை எதுவும் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது. ஐந்து விரலைக் காட்டிப் பத்துக் காசைப் பிடித்துக்கொண்டவன் விடை சொல்லட்டும்.

சைக்கிளும் அப்படிப்பட்டதே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வோடு சேர்த்து ஏன் சைக்கிளைக் கேட்டார்கள் என்பதை ஒரு மணிநேரச் சொற்பொழிவால் விளக்குவதைவிட, ஒரு சைக்கிளை மேடையருகே நிறுத்தி, ஏறிக் காட்டி, இறங்கிக் காட்டினால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

பினாங்கு நகரத்தாருக்கு வேறொரு பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தைப்பூசத்திலே கிட்டங்கித் தெருவிலிருந்து தண்ணீர்மலை வரை தேர் போகும் வழியெல்லாம் இலட்சக்கணக்கில் தேங்காய் உடைக்கிறார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இவ்வீணைக் குறைக்கும்படி ஆண்டு பல வேண்டி வந்திருக்கிறது. இத்தேங்காயைப்பற்றிப் பிரசங்கியார் சொல்வதை நாம் அறிவோம்: மட்டை மாயை, ஓடு ஆணவம், உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பு தூய்மையான ஆன்மா, உடைப்பது ஆணவத்தை உடைப்பது. அதே தேங்காயை வேறொருவர் கையிலெடுத்துச் சபையிலிருக்கும் தாய்மாரைப் பார்த்து, அம்மா, இன்றைக்குக் கடைத்தெருவிலே இது என்ன விலை, ஒரு காய் எத்தனை பேர் குழம்புக்குக் காணும், உங்கள் வீட்டில் இம்முறை எத்தனை காய்க்கு நேர்ந்துகொண்டீர்கள் என்று கேட்கட்டும். பெருக்கல் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள். ஆணவம் உடைந்ததா என்று பார்க்க வழியில்லை. தெருவிலே குவிந்த சில்லுகளை மறுநாள் நகரசபைத் தொழிலாளர் வாரிக்கொண்டுபோவதைக் கண்ணாரப் பார்க்கலாம். ஒரே காய்தான், முதற் பேச்சிலே அது வேடம் பூண்டு நின்றது, இரண்டாவதிலே தேங்காயாகவே நின்றது.

ஆயத்தமில்லாத பேச்சுக்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை என்பதற்கு எம்.ஆர். ராதா நல்ல சான்று. இரத்தக் கண்ணீர் நாடகத்திலே அன்றைய நாளிதழை மேடையில் விரித்துப் படித்து, அங்கேயே தம் கருத்தைச் சொல்லுவார். எழுதிவைத்த வசனம் அன்று. சபையிலிருந்தவர் காலையிலே படித்த அதே பத்திரிகைதான். அவர் திரித்துச் சொன்னால் அவர்களே பிடித்துவிடலாம்.

போட்டி நடத்துகிறவர்கள் பையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பேச்சு முடிந்ததும், சபையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்துவந்து அப்பொருளைத் தம் கையில் வாங்கிப் பார்த்து, அதைப்பற்றி ஒரு கேள்வி கேட்க இடங்கொடுக்கவேண்டும். நூறு மதிப்பெண்ணில் அதற்கு இருபது ஒதுக்கினால் போதும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் மெழுகுவத்தியின் விலையையாவது விசாரித்துக்கொண்டு வருவார்கள்.